கண்ணியில் நான்கு கிளுவை

நாற்பது பக்க நோட்டு ஒன்று இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. அதன் பதினோராம் பக்கத்தில், கார்த்திகை மாதத்துக் காலை ஒன்றின் கீழ், என் கையெழுத்தில் இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது: "நத்தைகுத்தி நாரை 23. வெண்கொக்கு, எண்ண இயலவில்லை. வாலாட்டி 2, இவ்வாண்டு முதன்முறை. கிளுவை, நீரில் அறுபதுக்கு மேல், கண்ணியில் 4." அந்தக் கடைசி எண்ணை மட்டும் நான் மேடையில் மாற்றிச் சொன்னேன். அதன் பிறகு வந்த ஐந்து நாட்களில் அச்சம் என்றால் என்ன என்பதை அறிந்தேன். அதுவரை அந்தச் சொல்லை நான் பேச்சில் மட்டுமே பயன்படுத்தியிருந்தேன்.

எழுபதுகள் முடியவிருந்த காலம். நான் காஞ்சிபுரத்தில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். உத்திரமேரூர்ச் சாலையில், திருப்புலிவனத்துக்கு அருகே எங்கள் ஊர். தந்தைக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நஞ்சை. அதற்கு நீர் தருவது ஊர் ஏரி. கல்லூரியில் என்னைத் தெரியாதவர் இல்லை. ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் எனக்கு உண்டு. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும், எந்தச் சொல்லை மும்முறை அடுக்கினால் கைத்தட்டல் வரும் என்பதையெல்லாம் முறையாகப் பயின்றிருந்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இன்றும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய். பொய் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

அந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டிக்குத் தந்த தலைப்பு, "பறவையும் மனிதனும்." மற்றவர்கள் செய்தித்தாளில் படித்ததைப் பேசட்டும், நான் கண்ணால் கண்டதைப் பேசுவேன் என்று முடிவு செய்தேன். ஐப்பசி மழையில் ஏரி முக்கால் பங்கு நிரம்பியிருந்தது. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் எழுந்து, நோட்டும் பென்சிலுமாகக் கரைமேல் நடப்பேன். மூன்று வாரம் ஒரு நாளும் தவறவில்லை. முதல் சில நாட்கள் எல்லாமே எனக்குக் கொக்காகத் தெரிந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மேலலகும் கீழலகும் நடுவில் சேராமல் சந்து விட்டு நிற்பது நத்தைகுத்தி. பட்டுப்போன கருவேல மரத்தில் நனைந்த சட்டையை உலர்த்துவதுபோல் இறக்கையை விரித்து உட்கார்ந்திருப்பது நீர்க்காகம். பகலெல்லாம் புதருக்குள் தூங்கி, இரவெல்லாம் இரை தேடிவிட்டு நான் போகும் நேரத்தில் வீடு திரும்புவது வக்கா. வடக்கேயிருந்து வந்து இறங்கிய சிறு வாத்துகளான கிளுவைகள், ஏரியின் நடுவில் மிதக்கும் சருகுக் கூட்டம்போல் இருந்தன. உற்றுப் பார்த்தால் சருகுகளுக்குக் கழுத்து முளைக்கும்.

எண்ணி எழுதி முடித்ததும் வடக்கு மதகின் மேல் ஏறி நின்று, ஏரியைப் பார்த்துப் பேசிப் பழகுவேன். அதைவிடப் பெரிய அவை எனக்கு எங்கே கிடைக்கும். முதல் நாள் "பேரன்புமிக்க அவையோரே" என்று அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். கிளுவைகள் மொத்தமாக எழும்பின. கீழே சம்புப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யோவ் பேச்சாளரே, கொஞ்சம் வாய மூடு. நீ பேசினா வாத்து மொத்தமும் பூடுது. ஓட்டு கேக்கறதுன்னா ஊருக்குள்ள போய்க் கேளு."

இடுப்பளவு நீரில் நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தவன், ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு படித்தவன். ஐந்தோடு அவன் படிப்பு நின்றது. ஏரிக்குத் தெற்கே காலனியில் குடியிருந்தான். நாற்று, களை, அறுப்பு என்று பருவத்துக்குப் பருவம் எங்கள் நிலத்துக்கு வேலைக்கு வருவான். என் தந்தையின் முன்னால் என்னை "நீங்க" என்பான். ஏரிக்கரையில் "நீ"தான். அந்தக் கார்த்திகையில் அவனுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பெற்ற உடம்புக்குக் கறி வேண்டும் என்று விடியலில் ஏரிக்கு வந்தான். தூண்டில் நரம்பைச் சுருக்காக முடிந்து, சிறு குச்சிகளில் கட்டி, கோரைக்கு நடுவே மாலையில் வைத்துவிட்டுப் போவான். காலையில் வந்தால் இரண்டோ மூன்றோ காலில் சிக்கியிருக்கும். அதற்குப் பெயர் கண்ணி.

அவன் நிற்கும் இடத்துக்கு மேலே, கரையின் சரிவில், ஓர் ஆள்காட்டிச் சோடி இருந்தது. மஞ்சள் கால், கறுத்த மார்பு, கண்ணோரம் சிவப்புச் சதை. தரையில் திரியும் பறவை. மனிதத் தலை ஒன்று தெரிந்தால் போதும், மேலே எழும்பி வட்டமிட்டு, வந்தவன் போகும்வரை கத்தும். ஆளைக் காட்டுவதால் ஆள்காட்டி. அவனுக்கு அதுதான் காவல்காரன்.

"அது கத்துச்சுன்னா நான் சம்புக்குள்ள குந்திக்குவேன். யாருன்னு பாத்துட்டுத்தான் எய்ந்திருப்பேன்," என்றான் முதல் வாரம்.

மூன்றாவது வாரம் வேறு மாதிரி சொன்னான். "இப்பல்லாம் அது கத்துனா நான் குந்தறதே இல்ல. இந்நேரத்துக்கு உன்னை வுட்டா எவன் வரப் போறான். பேச்சாளர் வந்துட்டாருன்னு நான் பாட்டுக்கு வேலையப் பாக்கறேன்."

அதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். ஒரு பறவை என் வருகையை அறிவிக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

பதினோராம் பக்கத்து நாளில், நான்கு கிளுவைகளைக் கோரைப் புல்லால் காலோடு கால் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு அவன் மேலே ஏறி வந்தான். "எத்தினி இன்னைக்கு?" என்று அவனே கேட்டு, "நாலு, எய்திக்கோ," என்றான். எழுதிக்கொண்டேன். "ஒண்ணு உங்க வூட்டுக்குத் தரட்டா?" என்றான். வேண்டாம் என்றேன். அப்போதே என் மனம் வேறு வேலையில் இருந்தது. தோளில் தொங்கும் பறவைகள், தலைகீழாய்த் திறந்த கண்கள், பனி. பேச்சின் நடுவில் வைக்க ஒரு படம் கிடைத்துவிட்டது.

போட்டி ஒரு புதன்கிழமை. பரிசளிக்க வந்திருந்தவர் வனத்துறையில் ஓர் அதிகாரி. எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் பறவைகள் நம் நண்பர்கள் என்றார்கள். ஏழாவதாக நான் ஏறினேன். என் ஏரியைச் சொன்னேன், பனியைச் சொன்னேன், சருகுகளுக்குக் கழுத்து முளைப்பதைச் சொன்னேன். அவை அமைதியானதும் குரலைத் தாழ்த்தி அந்தப் படத்துக்கு வந்தேன். "ஒருவன் கரையேறி வருகிறான். அவன் தோளில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றில் தொங்குவது ஒன்றல்ல." நிறுத்தினேன். "இரண்டல்ல." நிறுத்தினேன். மேடையில் பேசிப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்த ஏணியில் இரண்டு படி ஏறிவிட்டால் மூன்றாவது படி நான்காக இருக்க முடியாது. "நூறு உயிர்கள்," என்றேன். கைத்தட்டல் நிற்க நேரமாயிற்று. முதல் பரிசுக் கோப்பையை அந்த அதிகாரியே என் கையில் தந்தார்.

விழா முடிந்து தேநீர் தந்துகொண்டிருந்தபோது அவர் என்னைத் தனியே அழைத்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"பேச்சு நல்லா இருந்தது தம்பி. அந்த ஏரி எது?"

"எங்க ஊர் ஏரிதான் ஐயா."

"நேர்லயே பார்த்தீங்களா?"

"தினமும் போறேன் ஐயா. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"ஆள் எந்த இடத்துல வருவான்?"

முதல் பரிசு வாங்கிய கை இன்னும் சூடாக இருந்தது. கேள்வி கேட்டால் உடனே விடை சொல்லியே பழகிய வாய். "வடக்கு மதகுக்குக் கீழே ஐயா, சூரியன் வர்றதுக்கு முன்னாடி," என்றேன்.

அவர் தலையசைத்தார். "ஒண்ணு ரெண்டு பிடிச்சா வீட்டுச் சமையல், கண்டிச்சு விட்டுடுவோம். நூறுன்னா அது வியாபாரம். இப்ப சட்டம் கடுமை. ஜாமீன் கிடைக்கவே சிரமப்படுவான். சனிக்கிழமை காலையில நான் ஜீப்போட வர்றேன், நீங்க கரைமேல இருங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

சரி என்று நான் சொன்னதாகத்தான் நினைவு. நூறு இல்லை, நான்கு என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மூன்று சொற்கள். ஆனால் கோப்பை என் அக்குளில் இருந்தது. தோற்ற ஆறு பேரும் பத்தடி தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேருந்தில் ஊர் திரும்பும்போது கோப்பையைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏரிக்குப் போகவில்லை. டீக்கடையில் நின்றேன். பால் கொண்டுவந்தவரும் கடைக்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த ஊர்ல எவனோடதோ வைக்கப்போர் எரிஞ்சுதாமே," என்றார் கடைக்காரர்.

"தானா எரியுமா? சாராயப் பானை எங்க கீதுன்னு போலீஸுக்கு ஆள் காட்டினான். இவன் போர் எங்க கீதுன்னு நெருப்புக்கு எவனோ காட்டிட்டான்."

"ஆள்காட்டிக்குக் கூடு தரையிலதானப்பா. எவன் வேணா மிதிச்சுட்டுப் பூடலாம்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களோ என்று பயம். வீட்டுக்கு வந்து எங்கள் களத்துமேட்டு வைக்கோற்போரைப் பார்த்தேன். என் தந்தை மழைக்காக அதன் தலைக்கு ஓலை வைத்துக்கொண்டிருந்தார். அவனுக்காக அஞ்சினேன் என்று மட்டும் எழுதினால் என்னை நானே உயர்த்திக்கொண்டதாகும். அவனுக்காக அஞ்சினேன், வைக்கோற்போருக்காக அஞ்சினேன், ஊரில் என் பெயர் என்னவாகும் என்று அஞ்சினேன். மூன்றில் எது பெரிது என்று நேரத்துக்கு நேரம் மாறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவன் எங்கள் வயலில் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். கல்லூரிக்குப் போகாமல் வயலுக்குப் போனேன். எப்படியாவது சொல்லிவிடுவது என்று முதல் வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"புதுசா ஒரு சட்டம் வந்திருக்குதாம்பா. பறவையப் புடிச்சா ஜெயிலாம்."

அவன் மண்வெட்டியை நிறுத்தவில்லை. "கூயக்கடா வந்து நம்ம ஏரி மீனையெல்லாம் வாரி வாரித் துன்னுதே, அத்த எந்த ஜெயில்ல போடுவாங்களாம்?"

"விளையாட்டு இல்ல. நாளைக்கு ஏரிக்குப் போவாத."

இப்போது நிறுத்தினான். "ஏன்?"

அந்த ஒரு கேள்விக்கு எதிரே என் ஒத்திகை முழுவதும் நின்றுபோயிற்று. ஏன் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பான். அதற்கு விடை சொன்னால் நான் யார் என்பது தெரிந்துவிடும். எதிர் அணியின் எந்தக் கேள்விக்கும் தடுமாறாதவன், சேற்றில் நின்ற ஒருவனின் ஒரு சொல்லுக்குத் தடுமாறினேன்.

"பனி ஜாஸ்தியா கீது," என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "பேச்சாளருக்குத் தொண்ட போயிடுமேன்னு பயம். நாயித்துக்கெயம புள்ளைக்குப் பேர் வெக்கிறோம். அவ வூட்டாரு அல்லாரும் வராங்க, வெறும் கொயம்பா ஊத்தறது? இன்னைக்கு முப்பது கண்ணி வெக்கப் போறேன். நீ வா நாளைக்கு, எத்தினின்னு எண்ணி எய்து."

முப்பது கண்ணி. அதுவரை பத்துக்கு மேல் அவன் வைத்ததில்லை. என் நூறை நோக்கி அவனே நடந்து வருவதுபோல் இருந்தது.

சனிக்கிழமை நான் கரைக்குப் போனபோது ஜீப் ஏற்கெனவே வந்து, விளக்கை அணைத்துவிட்டு, ஆலமரத்துக்குக் கீழே நின்றது. அதிகாரியும் காக்கிச் சட்டைக் காவலர் ஒருவரும் இருந்தார்கள். பனி ஏரியை மூடியிருந்தது. நீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து கிளுவைகளின் கறகறப்பு மட்டும் கேட்டது.

"நீங்க முன்னாடி போங்க," என்றார் அதிகாரி மெல்ல. "தினமும் போற மாதிரியே போங்க. நாங்க சரிவுல கீழாப்பல வர்றோம்."

நடந்தேன். இருமலாமா என்று நினைத்தேன். தினமும் இருமுகிறேன். பாடலாமா, பேசலாமா, "பேரன்புமிக்க அவையோரே" என்று முழுக் குரலில் எடுக்கலாமா. அதைக் கேட்டால் அவன் சிரிப்பானே தவிர ஓடமாட்டான். அவனை எச்சரிக்க எனக்கிருந்த ஒவ்வொரு ஒலியையும் மூன்று வாரமாக நானே பழக்கமாக்கி வைத்திருந்தேன். பனியில் என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பின்னால் காட்டாமணக்குச் செடிகள் உரசுவதும் கேட்டது. அந்தக் கரையில் இருநூறு அடி நடப்பதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மதகை நெருங்கியதும் ஆள்காட்டிகள் எழும்பின. இரண்டும் என் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தின. அப்படி அவை கத்தி நான் கேட்டதில்லை. வந்திருப்பது ஒருவர் அல்ல, மூவர் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. பழைய நாளாக இருந்தால் அவன் சம்புக்குள் குந்தியிருப்பான். குந்து, குந்து என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

சம்பு விலகியது. ஒரு கையில் கண்ணிக் கயிறு, மறு கையில் பறவைகளோடு அவன் நேராக மேலே ஏறி வந்தான்.

"இன்னா பேச்சாளரே, பேச்சே காணோம். தொண்ட கட்டிக்கிச்சா?"

காவலர் புதரிலிருந்து பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் திமிறவில்லை. முதலில் காவலரைப் பார்த்தான், பிறகு அதிகாரியை, பிறகு என்னை. என்னைப் பார்த்தது, நானும் பிடிபட்டேனோ என்ற கவலையில். அதை நான் மறக்கவில்லை.

"எத்தனை?" என்றார் அதிகாரி.

காவலர் எண்ணினார். "ஏழு சார். ரெண்டு செத்துருக்குது."

"மீதி எங்கே?"

"இன்னா மீதி சாமி?" என்றான் அவன்.

"தினமும் நூறு பிடிக்கிறியாமே. எங்கே கொண்டுபோய்ப் போடற? யாருக்கு?"

"நூறா?" அவன் சிரிக்க முயன்றான், வாய்தான் கோணியது. "ஏரிலயே அத்தினி இருந்தா ஜாஸ்தி சாமி. வூட்ல புள்ள பெத்தவ கீறா. அதுக்குத்தான் ரெண்டு மூணு."

"அப்ப வீட்டுல வெச்சிருப்பான். ஜீப்ல ஏத்துங்க, வீட்டைச் சோதனை போடுவோம்."

வீடு என்றதும் அவன் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான். "வாணாம் சாமி. பச்சப் புள்ள தூங்குது. என்னை இட்டுக்கினு போங்க, வூட்டாண்ட போவாதீங்க." காவலர் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். மேலே ஆள்காட்டிகள் விடாமல் கத்தின.

நான் பேச வாய் திறந்தேன். குரல் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுக்க வேண்டும் என்று பயின்றது நினைவிருந்தது. அடிவயிறு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவனை நான்கு அடி நடத்திவிட்டார்கள். ஐந்தாவது அடியில் நான் சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து அதிகாரியின் முன்னால் நீட்டினேன். பதினோராம் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"நாலுதான் ஐயா," என்றேன். "நூறுன்னு மேடையில சொன்னது நான் சேர்த்தது."

அவர் நோட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார். முன் பக்கங்களைப் புரட்டினார். கண்ணியில் 2, கண்ணியில் 1, கண்ணியில் இல்லை, கண்ணியில் 3. எல்லாம் என் கையெழுத்து, எல்லாம் உண்மை. என் தோழன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். கவலை போய்விட்டது. அந்த இடத்தில் என்ன வந்தது என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

"எழுதறப்ப நாலு, பேசறப்ப நூறு," என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் ஒரு குடும்பத்தை உள்ள போட்டிருப்பேன் தம்பி. உங்களுக்கு அது தெரியுதா?"

ஜீப்பின் முன்புறத் தகட்டின் மேல் ஒரு தாளை வைத்து என்னை எழுதச் சொன்னார். மேடையில் நான் கூறிய எண்ணிக்கை உண்மையன்று என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பனியில் தாள் நனைந்து மை ஊறியது. அவனிடமும் இனிமேல் பிடிக்கமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். ஐந்தாம் வகுப்பு எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றது. முப்பது கண்ணிகளையும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். உயிரோடிருந்த ஐந்து பறவைகளின் கட்டை அவனையே அவிழ்க்கச் சொன்னார் அதிகாரி. ஒவ்வொன்றாக அவிழ்த்தான். நான்கு பனிக்குள் தாழப் பறந்து மறைந்தன. ஐந்தாவது காலை இழுத்துக்கொண்டு நீரோரம்வரை நடந்து, அப்படியே உட்கார்ந்தது. நோட்டை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு அவர்கள் போனார்கள்.

இருவரும் கரையில் தனியே நின்றோம். நீரை நோக்கித் திரும்பியபடியே அவன் கேட்டான்.

"நூறுன்னா சொன்ன?"

"மேடையில அப்படி வந்துடுச்சுப்பா."

"நாலுதானே அன்னைக்கு. ஒண்ணு உனக்குத் தரட்டான்னு கூடக் கேட்டனே."

நான் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

"அஞ்சாவதுல வாய்ப்பாடு உனக்கு வராது. பலகையத் திருப்பி நான்தான் உனக்குக் காட்டிக் குடுத்தேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "இப்ப நீ காட்டிக் குடுத்துட்ட. கணக்கு சரியாப் பூச்சு."

செத்த இரண்டையும் காவலர் எடுத்துப் போயிருந்தார். வெறுங்கையோடு தெற்கே நடந்தான். ஆள்காட்டிகள் அவனுக்காகக் கத்தவில்லை. நான் அசையும்போது மட்டும் கத்தின.

ஞாயிறு முழுவதும் களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தேன். படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். காலனிப் பக்கமிருந்து பேர் வைக்கும் மேளம் கேட்டது. யாராவது இந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து நின்றேன். பீடி பற்றவைத்தபடி போன ஒரு வழிப்போக்கரைச் சாலை முனைவரை பின்தொடர்ந்தேன். அந்தி சாயும்வரை போரில் ஒரு வைக்கோல்கூட அசையவில்லை. அதனால் என் பயம் குறையவில்லை, கூடியது. இன்று இல்லையென்றால் நாளை.

திங்கட்கிழமை காலை பேருந்துக்குப் போகும் வழியில் டீக்கடையில் அவன் இருந்தான். ஜீப் வந்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாறு பேர் அவனைச் சூழ்ந்து நின்றார்கள். நான் திரும்பிப் போக நினைத்தேன், அதற்குள் கடைக்காரர் என்னைப் பார்த்துக் குவளையை நீட்டிவிட்டார். வாங்கிக்கொண்டு நின்றேன்.

"நீ எப்படிறா மாட்டின? மோப்பம் புடிச்சே பூடுவியே," என்றார் கடைக்காரர்.

"எவனாவது சொல்லியிருப்பான்," என்றார் பால்காரர். "எவன்னு தெரியுமா? தெரிஞ்சா சொல்லு, பாத்துக்கலாம்."

ஐந்தாறு முகங்கள் அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்தன. எந்த அவையும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

அவன் குவளையைக் கீழே வைத்து வாயைத் துடைத்துக்கொண்டான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எவனும் சொல்லலபா. ஆள்காட்டி கத்துச்சு. தெனமும் கேக்கற கொரலாச்சேன்னு நான்தான் குந்தாம வுட்டுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பால்காரர் அவன் முதுகில் தட்டினார். பேருந்து வந்து நின்றது. ஏறுவதற்கு அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் எழுந்து எனக்கு வழிவிட்டு நின்றான்.

"போங்க," என்றான். "நேரமாவுது உங்களுக்கு."

ஊரார் முன்னால் அவன் என்னை எப்போதும் "நீங்க" என்றுதான் சொல்வான். அதனால் அங்கே யாருக்கும் அதில் எதுவும் தோன்றவில்லை. அடுத்த வாரம் ஏரிக்கரையில், சுற்றிலும் ஒருவரும் இல்லாதபோது, புல் அறுத்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து மறுபடி அப்படியே சொன்னான்.

"வாங்க."

அன்றைய பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது: "கிளுவை, நீரில் எழுபது. வாலாட்டி 5. ஆள்காட்டி 2." எண்களை மூன்று முறை சரிபார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றின் மேலும் மறுபடி எழுதிய பென்சில் அழுத்தம், பின்பக்கத்திலும் தெரிகிறது.